சுவர் அப்படியேதான் நின்றது

2021 கார்த்திகை பிறந்த வாரம். ராத்திரி முழுக்க மழை. விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் தென்கோடிக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது நான் ஓடைக்குக் குறுக்கே கட்டியிருந்த தடுப்புச் சுவர். ஒரு கல்கூட அசையவில்லை. ‘அப்பாடா’ என்று இருந்தது. அப்புறம்தான் டார்ச்சை வலப்பக்கம் திருப்பினேன். சுவர் முடிகிற இடத்தில் கரை இருக்க வேண்டுமே, அது இல்லை. 30 அடி அகலத்துக்குச் செம்மண் தண்ணீர் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் இருந்த பதினோரு தென்னையில் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. மற்ற பத்தும் எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு டேப் வைத்து அளந்தேன். 12 சென்ட் நிலம் போயிருந்தது.

இதை எழுதக் காரணம், போன மாதம் தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன் போன் செய்து, “அண்ணா, தோட்டத்துல ஓடை போகுதுங்க, ஒரு தடுப்பணை கட்டலாம்னு இருக்கேன், நல்ல கொத்தனார் இருக்காங்களா?” என்று கேட்டதுதான். கொத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வேறு கதை பேசினேன். அந்தக் கதைதான் இது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினாறு வருடம் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தவன் நான். 2020இல் கொரோனா வந்து ஆர்டரெல்லாம் நின்றபோது, காங்கேயத்துக்கு வடக்கே அப்பாரு விட்டுப்போன 6 ஏக்கருக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். எங்கள் தோட்டத்தின் தெற்கு எல்லையில் ஒன்று போகிறது. கீழே ஊர்க்குட்டையை நிரப்பிவிட்டு, கடைசியில் நொய்யலுக்குப் போய்ச் சேரும். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் ஓடினால் பெரிய விஷயம். மிச்ச நாளெல்லாம் அதில் ஆடுதான் மேயும். பத்து நாள் ஓடுகிற பள்ளம்தானே என்று நினைத்தேன் பாருங்கள், தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

வந்த முதல் கோடையில் செய்த முதல் காரியம், பள்ளத்தை ‘சுத்தம்’ செய்தது. எங்கள் எல்லைக்குள் அது ஒரு பெரிய வளைவு போட்டு வரும். அந்த வளைவுக்குள் கொஞ்சம் நிலம் சும்மா கிடப்பதாக எனக்குப் பட்டது. கரை முழுக்க நொச்சியும் புங்கனும் புதரும். பாம்பு வேறு. 16 மணி நேரம் ஜேசிபி ஓட்டி, புதரையெல்லாம் வழித்துவிட்டு, வளைவைத் துண்டித்து, பள்ளத்தை நூல் பிடித்த மாதிரி நேராக்கினேன். மணிக்கு 1,100 ரூபாய், 17,600 ஆனது. ஆத்தா மட்டும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “அந்த நொச்சிய உங்க அப்பாரு ஏஞ்சாமி விட்டு வெச்சிருந்தாரு, வெட்டத் தெரியாமயா?” என்றார். வயதானவர்கள் எதைத் தொட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

நேராக்கினதால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது. வளைவோடு பள்ளத்தின் நீளம் 210 அடி, நேராக்கியபின் 130 அடி. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயர வித்தியாசம் அதே 3 அடிதான். அதாவது முன்பு 70 அடிக்கு ஓர் அடி இறங்கிய தண்ணீர் இப்போது 43 அடிக்கு ஓர் அடி இறங்குகிறது. வேகம் கூடிய தண்ணீர் சும்மா போகாது, அடியைத் தோண்டும். தோண்டின இடத்தில் ஒரு படி மாதிரி விழும். அந்தப் படி அங்கேயே நிற்காது, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்குப் பக்கம், தண்ணீர் வருகிற திசையில், அறுத்துக்கொண்டே ஏறும். நான் ஒரு குச்சி நட்டுப் பார்த்தேன். ஒரே மழைக்காலத்தில் 9 அடி ஏறியிருந்தது. நான் தொடாத மேல்தோட்டத்துக்காரர் நிலத்தில்! உங்கள் இடத்தில் பள்ளம் வளைந்து போகிறது என்றால் தயவுசெய்து அந்த வளைவில் கை வைக்காதீர்கள். வெட்டுவதற்குப் பதினாறு மணி நேரம் போதும். திரும்பக் கொண்டுவர என்னால் இன்றுவரை முடியவில்லை.

அடுத்தது பண்ணைக்குட்டை. 100 அடிக்கு 60 அடி, 8 அடி ஆழம், ஓரமெல்லாம் சரிவாக. சுமார் 11 லட்சம் லிட்டர் பிடிக்கும். 62,000 ரூபாய். கணக்கெல்லாம் சரிதான், இடம்தான் தப்பு. தண்ணீர் சுலபமாக வரட்டும் என்று பள்ளத்தை ஒட்டியே வெட்டி, ஒரு வாய் வைத்து நேராக உள்ளே திருப்பினேன். முதல் தண்ணீரே குழம்பு மாதிரி வந்தது. ஒரே வாரத்தில் அடியில் ஓர் அடிக்கு மேல் வண்டல். குட்டைக்குள் தண்ணீர் நுழையும் முன்னால் ஒரு சின்னக் குழி இருந்திருந்தால், மண் அதில் தங்கிவிட்டுத் தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்திருக்கும். இரண்டு மணி நேர ஜேசிபி வேலை அது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொன்று, எங்கள் பக்கம் பல இடங்களில் மேலே சரளை கலந்த செம்மண், அதற்குக் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல், தண்ணீரை நிறுத்தி வைக்காது. என் குட்டை நிறைந்த ஒன்பதாம் நாள் காலியாகிவிட்டது. கிணறு ஊற வேண்டும் என்பதற்காக வெட்டினால் அது நல்லதுதான். தண்ணீரை நிறுத்தி வைத்து மாசியில் பாய்ச்சலாம் என்று வெட்டினால் ஏமாற்றம்தான். வெட்டும் முன் மூன்றடிக் குழி ஒன்று தோண்டி, தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் போதும்.

சரி, சுவருக்கு வருகிறேன். வாட்ஸப்பில் ராஜஸ்தான் வீடியோ, மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்கிற கிராமத்தின் வீடியோ எல்லாம் பார்த்துப் பார்த்து, தண்ணீரை மறித்தால் தங்கம் என்று மனதில் பதிந்துவிட்டது. அங்கேயெல்லாம் ஊரே சேர்ந்து, மேட்டில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்து வேலை செய்தார்கள். ஹிவரே பஜாரில் வருடா வருடம் எவ்வளவு மழை பெய்தது என்று கணக்குப் பார்த்து அதற்குத் தகுந்த பயிரைத்தான் வைக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, சுவர் மட்டும்தான் பட்டது. கருங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். ஐந்தடி உயரம். நடுவில் தண்ணீர் வழிய 6 அடி அகலம், 2 அடி ஆழத்துக்கு ஒரு வாய். அந்த அளவை யார் முடிவு செய்தது தெரியுமா? கொத்தனார் கையை விரித்துக் காட்டி, “இது போதுங்களா?” என்றார். நான் போதும் என்றேன்.

அந்த வாய்க்கு உண்மையில் எவ்வளவு அளவு வேண்டும் என்று பிற்பாடு ஓய்வுபெற்ற வேளாண்மைப் பொறியாளர் ஒருவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நோட்டுத்தாளின் பாதிதான் அந்தக் கணக்கு. உங்களுக்கும் உதவும், சொல்கிறேன். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். என் சுவருக்கு மேலே மழைத்தண்ணீர் வழிந்து வந்து சேரும் நிலம் மொத்தம் 110 ஏக்கர், ஏறக்குறைய 45 ஹெக்டேர். நல்ல மழை மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் அடித்தால், 45 ஹெக்டேரில் வினாடிக்கு 7,500 லிட்டர் விழுகிறது. எல்லாம் ஓடி வராது, நிலம் குடித்தது போக நூற்றுக்கு நாற்பது ஓடி வரும் என்று வைத்தாலும் வினாடிக்கு 3,000 லிட்டர். நான் விட்ட வாய் தாங்குவது வினாடிக்குச் சுமார் 1,500. மீதி 1,500 எங்கே போகும் என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அது போன இடம்தான் எனக்குத் தெரியுமே.

இன்னும் இரண்டு குறை சொன்னார். சுவரின் இரண்டு முனையும் கரைக்குள் ஓர் அடிதான் நுழைந்திருந்தது, குறைந்தது நாலைந்து அடி வெட்டி உள்ளே கொண்டுபோயிருக்க வேண்டும். வழிகிற தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவவில்லை. சுவரின் காலடியில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழி பறித்திருந்தது. கரையை அறுக்காமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் சுவரே கவிழ்ந்திருக்கும் என்றார். சிமெண்டில் எந்தக் குறையும் இல்லையாம். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நிலம் போனது என் கஷ்டம். என்னால் இன்னொருவருக்கு வந்த கஷ்டம்தான் அதைவிட மோசம். என் 12 சென்ட் மண்ணும், பழைய வளைவை மூட நான் கொட்டியிருந்த தளர்ந்த மண்ணும் கீழ்த்தோட்டத்தில் போய்ப் படிந்தன. அங்கே சின்ன வெங்காயம் போட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலை அந்த மாமா வரப்பில் நின்றுகொண்டு சத்தம் போடவில்லை, திட்டவில்லை. குனிந்து மண்ணுக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத் தாளைப் பிடுங்கி, துடைத்து, என் கையில் கொடுத்தார். “மூணு தலைமுறையா இந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கோம் தம்பி. தண்ணி வந்துருக்குது, மண்ணு வந்ததில்ல” என்றார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி 40,000 ரூபாய் என்று முடித்தார்கள். கொடுத்தேன். அதற்கப்புறமும் ஒரு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன், அவர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாதது இன்னும் மனதில் இருக்கிறது.

அடுத்த வருடம் வருவாய்த்துறையிலிருந்து நோட்டீஸ். சர்வேயர் வந்து அளந்தபோதுதான் சுவரில் பாதிக்கு மேல் ஓடைப் புறம்போக்கில் நிற்பது தெரிந்தது. அப்பாரு காலத்திலிருந்து வேலி அந்தப் பக்கம் இருந்ததால் எங்கள் நிலம் என்றே நினைத்திருந்தேன். புல வரைபடத்தை இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம், ஓடை எங்கே போகிறது, எவ்வளவு அகலம் என்று அதில் கோடு போட்டிருக்கும். நான் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது நோட்டீஸ் வந்த பிறகு. சுவரை எடுக்க இன்னொரு 5 மணி நேர ஜேசிபி, 5,500 ரூபாய். பட்டா நிலத்துக்குள் ஓடை போனாலும் நம் இஷ்டத்துக்கு மறிக்க முடியாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. இயற்கையான ஓடை நீர், அளவோ திசையோ வேகமோ வெப்பமோ பெரிதாக மாறாமல் தன் நிலத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது கீழே இருப்பவரின் உரிமை. நாலில் மூன்றை நான் மாற்றியிருந்தேன். வெப்பம் ஒன்றுதான் பாக்கி.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் 3,10,100 ரூபாய். தென்னையும் நிலமும் இதில் சேரவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

2023 ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கே ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரோடு பள்ளத்தைப் பிடித்தபடியே மேலே நடந்தேன். வேறு வேலை இல்லை, சும்மா போனதுதான். மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தை 2020இல் நடந்திருந்தால் மூன்று லட்சம் மிச்சம். என் தோட்டத்தில் வெள்ளம் ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்கான பதில் வழி நெடுக இருந்தது. முன்பு மேலே முழுக்கக் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லுமாக, மாடு மேய்வதற்கென்றே விட்டிருந்த காடு. அந்தப் புல் நிலத்தில் சாதாரண மழைக்குத் தண்ணீர் வெளியே வராது. இப்போது அதில் ஒரு காட்டை வீட்டுமனையாகப் பிரித்து, சரிவுக்கு நேராகவே ரோடு போட்டிருந்தார்கள். மழை பெய்தால் அந்த ரோடுதான் வாய்க்கால். இன்னொரு காட்டில் சரிவோடு சரிவாக மேலிருந்து கீழே உழுதிருந்தார்கள். அப்புறம் இரண்டு ஏக்கரில் ஒரு பழைய குட்டை. கரை உடைந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தது. “இது உடைஞ்சு இருவது வருசம் இருக்கும். இது இருந்த வரைக்கும் உங்க பள்ளத்துல இந்த ஆட்டம் கிடையாது” என்றார் பெரியவர். நான் சுவர் கட்டின வேலையை எனக்கு முன்னால் யாரோ, சரியான இடத்தில், மண்ணிலேயே செய்து வைத்திருக்கிறார்கள்.

அதன்பின் செய்தது எல்லாம் சின்னச் சின்ன வேலை. முதலில் அக்கம்பக்கத்து நாலு பேர் சேர்ந்தோம். கீழ்த்தோட்டத்து மாமாவைக் கூப்பிட நான் போகவில்லை, ஆத்தாவை அனுப்பினேன். ஆத்தா சொன்னால் யாரும் தட்ட மாட்டார்கள். கிராம சபை கூடுகிறது அல்லவா, 2024இல் அங்கே போய் மேலே உள்ள குட்டையைப் பற்றி மனு கொடுத்துத் தீர்மானத்தில் ஏற வைத்தோம். நூறுநாள் வேலையில் கரையை உயர்த்தினார்கள். கலிங்குக்கு, அதாவது குட்டை நிறைந்தால் தண்ணீர் வழிகிற வாய்க்கு, நாங்கள் ஆளுக்கு 9,000 போட்டோம். இந்த முறை அகலத்தைக் கையை விரித்துப் பார்க்கவில்லை, அந்த நோட்டுக் கணக்குப்படி வைத்தோம். அதே வருடம் ஏரி குளத்து வண்டலை வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கி இலவசமாக எடுக்கலாம் என்று எளிதாக்கிவிட்டார்கள். குட்டையைத் தூர்த்திருந்த வண்டல் எங்கள் வயலுக்கு எருவானது.

பள்ளத்தில் வந்து சேரும் சின்னச் சின்ன அரிப்புக்கால்களில், நிலத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, ஐந்து இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கினோம். சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை. மொத்தமே 18,000 ரூபாய். அடுக்குவதில் ஒரு வித்தை இருக்கிறது. முதலில் ஓரடி ஆழம் தோண்டி, பெரிய கல்லை அடியில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு ஓரமும் உயர்ந்து, நடு தாழ்ந்திருக்க வேண்டும், ஓர் உறியைத் தொங்கவிட்ட மாதிரி. நடுவும் ஓரமும் ஒரே மட்டமாக இருந்தால் தண்ணீர் ஓரத்தைத்தான் தேடிப் பிடிக்கும், என் சுவர் கதைதான் மறுபடியும். தண்ணீர் விழும் பக்கம் தட்டைக் கல் பாவ வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்றால், கீழே உள்ளதன் தலைமட்டமும் மேலே உள்ளதன் கால்மட்டமும் ஒன்றாக வர வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் மழைக்கு இரண்டாவது அடுக்கில் நாலைந்து கல் உருண்டது. போய் எடுத்து மறுபடி வைத்தோம், பத்து நிமிட வேலை. சிமெண்டில் அது முடியாது.

அறுந்துபோன என் கரையில் வெட்டிவேர் நாற்று 2,400 ரூபாய்க்கு வாங்கி, சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக இரண்டு வரிசை நட்டேன். முதல் கோடையில் தண்ணீர் ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. நொச்சி நான் நடாமலே திரும்பி வந்துவிட்டது. இந்த மொத்த வேலைக்கும் என் பங்கு முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதனால் கிணறு பொங்கி வழிகிறது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தை முடிகிற வரை மோட்டார் ஓட்ட முடிகிறது, முன்பு மார்கழியிலேயே இழுத்துவிடும். அதில் எவ்வளவு மழையால், எவ்வளவு எங்கள் வேலையால் என்று பிரித்துச் சொல்ல இன்னும் சில வருடம் ஆக வேண்டும். வீட்டுமனை ரோட்டை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்னும் அப்படியே வாய்க்காலாகத்தான் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு ஆட்டுக்காரப் பெரியவர் போன் செய்தார். “மேக்க நல்ல மழைங்க. குட்டை நெறஞ்சு கலிங்குல ஒன்றரை அடி போவுது.” அதைக் கேட்டதும் நான் கீழ்த்தோட்டத்து மாமாவுக்குப் போன் செய்தேன். வெங்காயத்தை அறுத்துக் களத்தில் போட்டிருந்தார். “எவ்வளவு நேரத்துல இங்க வரும்?” என்று கேட்டார். முக்கால் மணி நேரம் ஆகும் மாமா, நானும் வர்றேன் என்று சொல்லிவிட்டு, சாக்கையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.